பம்ப் ரைஃபிளோடு மான் வேட்டை: வாங்குவது, பழகுவது, பராமரிப்பது

பம்ப் ரைஃபிளில் குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு தெறித்து விழும். முன்னால் தள்ளினால் மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், இருக்கும் அடுத்த தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏறும். இந்த இரண்டு அசைவிலும் விசைக் கை இருந்த இடத்தை விட்டு நகராது, கன்னம் தோளில் ஊன்றிய பின்கட்டையை விட்டு எழாது, கண் மானை விட்டு விலகாது. அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில், மரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நொடி மட்டும் தெரிந்து மறையும் வெள்ளைவால் மானைத் தேடுகிறவர்கள் பம்ப் ரைஃபிளை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இந்த வகையின் பெரும்பகுதி வரலாறு ரெமிங்டன் கம்பெனியின் வரலாறுதான். 1912-ல் மாடல் 14, 1936-ல் மாடல் 141, 1952-ல் மாடல் 760 கேம்மாஸ்டர், 1981-ல் மாடல் 7600. சாவேஜ் கம்பெனியின் 170, பிரௌனிங்கின் பி.பி.ஆர். போன்றவையும் வந்தன, ஆனால் நிலைக்கவில்லை. இன்று கைக்குக் கை மாறுவதில் பெரும்பாலானவை 760-ம் 7600-ம்தான். அதனால் கீழே சொல்லப்படுவது முக்கியமாக இந்த இரண்டைப் பற்றி.

பென்சில்வேனியாவில் இவை இவ்வளவு பரவியதற்குச் சட்டமும் ஒரு காரணம். அங்கே மான் வேட்டைக்குத் தானியங்கி முறையில் தோட்டா ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை. கையால் இயக்கும் பம்புக்கு உண்டு. சட்டத்துக்குள் நின்றுகொண்டே வேகமாக இரண்டாவது குண்டைச் சுட முடிந்ததால், 'அமிஷ் மெஷின்கன்' என்று ஒரு பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது (அமிஷ் என்பவர்கள் நவீன இயந்திரங்களைத் தவிர்த்து வாழும் கிறித்தவச் சமூகத்தினர்). வெர்மான்ட்டில் லாரி பெனாய்ட்டும் அவர் மகன்களும் பனியில் பெரிய ஆண்மான்களின் தடம் பிடித்து நாள் முழுக்க நடந்து வேட்டையாடியது இந்த ரெமிங்டன் பம்புகளோடுதான். காட்டு வேட்டைக்காரர்கள் நடுவில் இதன் மதிப்பு கூடியதில் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

முதலில் சட்டம்

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்த வழிகாட்டி அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும்.

உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள்தான் இங்கே உஷாராக இருக்க வேண்டும். மத்தியச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே தடை. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. உரிமத்தின் தேதி முடிந்த மறுநாளும் ரைஃபிள் வீட்டு அலமாரியில் இருந்தால் அது சிக்கல். எனவே புது உரிமத்தை எடுத்து வைத்துக்கொண்டே பழையதை முடியவிடுங்கள். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பணம் கட்டும் முன் அதையும் படித்துவிடுங்கள்.

பென்சில்வேனியாவில் முதன்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்ந்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, ஒளிரும் ஆரஞ்சு நிற உடை கட்டாயம். ஆண்மானின் கொம்பில் எத்தனை கிளை இருக்க வேண்டும் என்பது பகுதிக்குப் பகுதி மாறும். தோட்டா ஏற்றிய ரைஃபிளை வண்டிக்குள் வைப்பது குற்றம்.

பழைய துப்பாக்கி வாங்கும்போது

ரெமிங்டன் 2020-ல் திவாலாகிப் பிரிவு பிரிவாக விற்கப்பட்டது. ஆகவே நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் பிறர் கையில் இருந்த துப்பாக்கி. 760-ன் போல்ட், அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை, அதன் தலையில் சிறு சிறு பூட்டுப் பற்கள் 14 இருக்கும். 7600-ல் அதை 4 பெரிய பற்களாக மாற்றினார்கள். 7600 அடைக்கும்போது சற்று வழுவழுப்பாக இருக்கும் என்பது பலரின் அனுபவம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் 760-ஐ இதற்காக ஒதுக்கத் தேவையில்லை.

குழலின் இடப்பக்கம், ரிசீவரை (போல்ட்டும் விசைப் பகுதியும் அடங்கிய நடு உடலை) ஒட்டிச் சிறு எழுத்துகள் குத்தியிருக்கும். முதல் எழுத்து மாதத்தையும் அடுத்தது ஆண்டையும் குறிக்கும். விற்பவர் சொல்லும் வயது சரிதானா என்பதை அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டையில் கீறல், நீலப்பூச்சு தேய்ந்தது, முன்பிடி கொஞ்சம் கடகடவென ஆடுவது, இவற்றுக்காகப் பேரம் பேசலாம், பயப்பட வேண்டாம். முன்பிடி ஆடுவது இந்த வடிவமைப்பின் இயல்பு. சத்தத்தை நிறுத்த உள்ளே டேப் சுற்றுகிறவர்கள் ஓட்டத்தை இறுக்கிக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் விடாமல் பார்க்க வேண்டியது சேம்பர். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, காலிதான் என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, பேனா அளவு சிறு விளக்கை வெற்றுக்கூடு வெளியேறும் வாய்வழியே காட்டுங்கள். சேம்பரின் சுவர் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு அரித்திருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம். காரணம் பராமரிப்புப் பகுதியில் வருகிறது.

பிறகு மேகசின். ரைஃபிளுக்கு உரிய தோட்டா வகைக்கான மேகசின்தானா, தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் விளிம்புகள் வளையாமல் இருக்கின்றனவா, உள்ளே தள்ளினால் 'டக்' என்று பூட்டுகிறதா என்று பாருங்கள். அதன் அடியைக் கையால் இழுத்தால் வெளியே வரக்கூடாது. ஸ்கோப், அதாவது தொலைநோக்குக் குறி, மாட்ட ரிசீவரின் தலையில் இருக்கும் திருகுத் துளைகளின் மரை தேய்ந்திருந்தால் சீர் செய்ய ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பிடி மரத்தில் முனைப் பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

எந்தத் தோட்டா, எந்தக் குழல்

கீழே வரும் எண்கள் தோட்டா வகைகளின் பெயர்கள். .30-06 தான் இந்த ரைஃபிள்களில் அதிகம் கிடைப்பது, மாற்றுப் பாகமும் தோட்டாவும் எங்கும் கிடைக்கும். .308-ம் .270-ம் வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். .243 உதைப்பு குறைவு, புதியவருக்கும் சிறு உடம்புக்காரருக்கும் ஏற்றது. ஆனால் குண்டு வைக்கும் இடத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். .35 வீலன் அடர்காட்டுக்காரர்களின் செல்லம். கனமான குண்டு, தெளிவான இரத்தத் தடம்.

சாதாரணக் குழல் 22 அங்குலம், கார்பைன் வகை 18.5 அங்குலம். எடை 3.4 கிலோ சுமார். ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரப் புதருக்குள் நுழைந்து நடப்பவருக்குக் கார்பைன் வசதி. ஆனால் .30-06-ஐ அந்தக் குழலில் சுட்டால் காதைப் பிளக்கும் சத்தமும் நெருப்புச் சுவாலையும் கூடவே வரும்.

கனமான, உருண்டை மூக்குக் குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். எந்தக் குண்டும் போகாது. விரல் கனமுள்ள கிளையில் பட்டாலே திசை மாறும். கிளைகளுக்கு இடையே இடைவெளி தேடிச் சுடுங்கள், இல்லையென்றால் சுடாதீர்கள்.

குறி பார்ப்பான்

காட்டில் கூடுதல் உருப்பெருக்கம் தொல்லை. 1-லிருந்து 4 மடங்கு வரை உள்ள ஸ்கோப் போதும். நடக்கும்போது அதை எப்போதும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். 9 மடங்கு வரை போகும் ஸ்கோப்பை அந்த 9-லேயே விட்டுவிட்டால் முப்பது கஜத்தில் குதித்தோடும் மான் ஸ்கோப்புக்குள் பழுப்பு நிறத் துணி மாதிரிதான் தெரியும். மழையிலும் பனியிலும் லென்ஸ் மூடிக்கொள்ளும் இடங்களில் வட்டத்துளைக் குறி, அதாவது பீப் சைட், இன்றும் நல்ல கருவி. பழைய 760-களில் சிலவற்றின் கட்டை தாழ்வாக, இரும்புக் குறிக்கு ஏற்றவாறு இருக்கும். அதில் ஸ்கோப் மாட்டினால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். கன்னப் பட்டை ஒன்று கட்டி உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்கோப்பின் அடித்தளத் திருகுகளை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு முறுக்குங்கள். பம்ப் அடிக்கும் அதிர்வில் இவை தளர்வது வழக்கம். பருவம் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

குறி பதிக்கும்போது ஒரு விஷயம். முன்பிடி அசையும் உறுப்பு. ஒருமுறை அதன் நுனியையும் மறுமுறை அதன் நடுவையும் மணல்பைமேல் வைத்தால் குண்டு விழும் இடமும் மாறலாம். மேகசினுக்குச் சற்று முன்னால், ரிசீவரை ஒட்டிய இடத்தைப் பையில் தாங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். 25 கஜத்தில் தொடங்கி 100 கஜத்துக்குப் போங்கள். மூன்று குண்டு, பிறகு குழல் கையால் தொடும் சூடுக்கு ஆறும்வரை காத்திருங்கள். மெல்லிய குழல், சீக்கிரம் கொதிக்கும். .30-06-ல் 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே விழுமாறு வைத்தால் 200 கஜம் சுமாரில் நேர்குறியாக இருக்கும். மரங்களுக்குள் மட்டும் வேட்டையாடுகிறவர் 100 கஜத்தில் நேராகவே வைத்துக்கொள்ளலாம். 100 கஜத்தில் மூன்று குண்டும் 2 அங்குலத்துக்குள் விழுந்தால் போதும். அதற்குக் கீழே இறக்க நாள்கணக்கில் செலவிடுவதைவிட நின்றபடி சுடப் பழகுவது மானுக்கும் உங்களுக்கும் நல்லது.

தோட்டா ஏற்றுவதும் இறக்குவதும்

மேகசின் 4 தோட்டா கொள்ளும். தோட்டாக்களின் அடி மேகசினின் பின்சுவரை ஒட்டியிருக்கும்படி திணியுங்கள். ஒன்று முன்னே நழுவியிருந்தால் அது ஏறும்போது மூக்கு இடித்துச் சிக்கும். காட்டில் நிற்கும்போது குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைப் பூட்டி, முன்பிடியை முழுதாகப் பின்னிழுத்து, ஓங்கி முன்னே தள்ளுங்கள். விசைக்குப் பின்னால் குறுக்கே இருக்கும் சேஃப்டி பொத்தானை உடனே பூட்டுங்கள்.

ஓங்கி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விடியற்காலை அமைதியில் சத்தம் வராமல் இருக்கட்டும் என்று முன்பிடியை மெல்ல நகர்த்துகிறவர்கள் நிறைய. கடைசி அரை அங்குலத்தில்தான் போல்ட் சுழன்று பற்கள் பூட்டிக்கொள்ளும். அதைக் கடத்தாவிட்டால் பார்ப்பதற்கு அடைத்த மாதிரி இருக்கும், மான் முன்னால் நின்றபோது விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. மெல்லத்தான் அடைக்க வேண்டுமென்றால், அடைத்த பின் முன்பிடியை இன்னொரு முறை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளி, பிறகு பின்னால் இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் அசையாது.

சுடாமலே தோட்டாவை இறக்க: சேஃப்டி போட்டபடியே விசைக் காப்பு வளையத்தின் முன்னால் இருக்கும் விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் முன்பிடி இழுபடும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு சேம்பரில் இருப்பதை வெளியே தள்ளுங்கள். வரிசையை மாற்றினால் ஒன்றை வெளியே எடுக்கும்போதே அடுத்தது உள்ளே ஏறிவிடும். விபத்துகளில் பல இந்த இடத்தில் நடக்கின்றன. கடைசியில் சிறுவிரலைச் சேம்பருக்குள் விட்டுப் பாருங்கள்.

கையைப் பழக்குவது

பம்ப் ரைஃபிளில் பிழை நடப்பது பெரும்பாலும் இரண்டாவது குண்டில். பதற்றத்தில் முன்பிடியைப் பாதி தூரம் மட்டும் இழுத்துத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது வெற்றுக்கூடு வெளியேறியும் வெளியேறாமல் மாட்டும், அல்லது புதுத் தோட்டா ஏறாமல் வெறும் சேம்பர் அடைபடும். துப்பாக்கி பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பழுது கையில் இருக்கிறது.

வீட்டில் உண்மைத் தோட்டாக்கள் எதுவும் அந்த அறையிலேயே இல்லாமல் பார்த்துக்கொண்டு, மருந்தில்லாத நான்கு பயிற்சித் தோட்டாக்களை மேகசினில் போடுங்கள். சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, விசையை இழுத்து, கட்டையைத் தோளில் வைத்தபடியே பின்னால் முட்டும்வரை இழுத்து முன்னால் முட்டும்வரை தள்ளுங்கள். புள்ளி ஸ்கோப்பை விட்டு எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். இடக்கையை நேராகப் பின்னால் இழுக்காமல் கீழே வளைத்து இழுத்தால் குழல்முனை தாழும். நாளுக்கு இருபது முறை, இரண்டு வாரம். பிறகு சுடுதளத்தில் உண்மைத் தோட்டா. உதைப்பு பின்னால் தள்ளும்போதே இடக்கையும் சேர்ந்து இழுத்தால் முன்பிடி தானாக வருவது போல் வரும். முதல் குண்டு பட்டதா என்று யோசிக்கும் முன்னே இரண்டாவது ஏறியிருக்க வேண்டும். அதைச் சுட வேண்டுமா என்பது பிறகு.

காட்டில் அணியப்போகும் கையுறையோடுதான் பழகுங்கள். வெறுங்கையில் பிடிபட்ட முன்பிடி தடிமனான கம்பளிக் கையுறையில் வழுக்கும், விசை வளையத்துக்குள் விரல் நுழையாது.

காட்டில்

பனி விழுந்த காலையில் தடம் பிடித்துப் போகும்போது பெரும்பாலும் தோள்வாரைக் கழற்றிவிடுகிறார்கள். துப்பாக்கி தோளில் தொங்கினால் இரண்டு நொடி போய்விடும். இடக்கை முன்பிடியில், வலக்கை கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் அல்லது சுட்டுவிரல் சேஃப்டி அருகில். சேஃப்டியை விடுவிப்பது துப்பாக்கி தோளுக்கு ஏறும்போதுதான், அதற்கு முன் இல்லை. விழுந்த மரத்தைத் தாண்டும்போது, சரிவில் இறங்கும்போது சேம்பரைக் காலி செய்யுங்கள்.

மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே, இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். சற்றுத் திரும்பி விலகிப் போகும் மானுக்கு, எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கி குண்டு வெளியேறுமாறு கணக்கிடுங்கள். பின்புறத்தைக் காட்டி ஓடும் மானைச் சுடாதீர்கள். இறைச்சியும் பாழ், மிருகத்துக்கும் கொடுமை. வேகமாகச் சுட முடிகிற துப்பாக்கி என்பதால் ஓடுகிற மான்மேல் மேகசின் முழுவதையும் காலி செய்வது இந்த ரைஃபிளுக்கு வந்த கெட்ட பெயர். நான்கு குண்டும் எந்த மரத்தில், எந்தச் சரிவில் போய் நிற்கும் என்று தெரியாமல் ஒன்றுகூடப் போகக்கூடாது.

சுட்டதும் அதே இடத்தில் நின்று மறு தோட்டா ஏற்றி, மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி கழித்துப் போனால் கிடைக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், கூடுதல் நேரம் பொறுங்கள். பச்சை நிறமும் குடல் வாடையும் தெரிந்தால் பல மணி நேரம் தள்ளிப் போங்கள். அவசரப்பட்டு விரட்டினால் மான் மைல் கணக்கில் போய்ச் சாகும். பென்சில்வேனியாவில் மானை நகர்த்தும் முன்பே உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டை நிரப்பி மானின் காதில் கட்ட வேண்டும், 10 நாளுக்குள் மாநில வேட்டைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சேம்பர் என்னும் பலவீனம்

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே சரிவான விளிம்பு ஒன்று நெம்புகோல் போல வேலை செய்து சேம்பரில் ஒட்டிய வெற்றுக்கூட்டை அசைத்து எடுத்துவிடும். பம்பில் அந்த நெம்பு பலம் குறைவு. கை இழுக்கும் பலம்தான் எல்லாம். சேம்பர் வழுவழுப்பாக இருந்தால் கூடு வழுக்கி வரும். துரு அரித்த குழிகள் இருந்தால், சுடும்போது பித்தளை விரிந்து அந்தக் குழிகளுக்குள் பதிந்து, பிடித்துக்கொள்ளும். முன்பிடியை இரண்டு கையாலும் இழுத்தாலும் வராது. ஆரம்பத்தில் சேம்பரைப் பார்த்து வாங்கச் சொன்னது இதனால்தான். சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் கூட்டின் கழுத்தை மட்டும் அளவாக்காமல் முழு நீளத்துக்கும் அளவாக்க வேண்டும். அதிலும் சிக்கினால் கூட்டின் அடியை இன்னும் சற்றுக் குறுக்கும் அச்சு, அதாவது 'ஸ்மால் பேஸ் டை', வாங்குங்கள்.

ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் குழலைப் பின்னாலிருந்து கம்பிவிட்டுத் துடைக்க முடியாது. குழலும் எளிதில் கழலாது. அதனால் சுத்தம் செய்யும் முறை இது:

1. காலி செய்து, மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்துவிடுங்கள்.
2. மெல்லிய துணி ஒன்றை வெற்றுக்கூடு வாயில் திணித்தால் கரைப்பான் விசைப் பகுதிக்குள் வழியாது.
3. குழல்முனைக்குக் காப்புக் குழாய் மாட்டி, கரைப்பான் தோய்த்த துணியை முனைவழியே செலுத்துங்கள். அல்லது கயிற்றுத் துடைப்பானைச் சேம்பர் பக்கம் நுழைத்து முனைவழியே இழுங்கள்.
4. வளையும் கம்பியில் சேம்பர் பிரஷ் மாட்டி, வெற்றுக்கூடு வாய்வழியே நுழைத்து, பத்துத் தடவை சுழற்றித் தேய்த்துவிடுங்கள். பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான்.
5. உலர்ந்த துணியால் சேம்பரைத் துடைத்து, பிறகு எண்ணெயின் வாசனை மட்டும் இருக்கிற அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள்.

சுடப்போகும் முன் அந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய சேம்பரில் கூடு சுவரைப் பற்றாது, அழுத்தம் முழுவதும் போல்ட்மேல் விழும்.

விசைப் பகுதியை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். முன்பிடியை முழுதாக முன்னே அடைத்து, சேஃப்டி போட்டு, முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஊசிகளைத் தட்டித் தள்ளிவிட்டு, பின்பக்கம் தூக்கிப் பின்னால் நகர்த்தி எடுங்கள். வெளியே இருக்கும்போது விசையை இழுக்காதீர்கள், தோட்டாவைப் பற்றவைக்க அடிக்கும் சுத்தியல் தடுப்பில்லாமல் அடித்து அலுமினியத்தை நசுக்கிவிடும். தூசியை ஊதி, மிகக் குறைவாக எண்ணெய் போட்டு, அதே வழியே திரும்ப வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் குளிரில் கெட்டி எண்ணெய் பிசுபிசுத்துச் சுத்தியலின் வேகத்தைக் குறைக்கும். அங்கே கிட்டத்தட்ட உலர்வாகவே வைப்பது நல்லது.

பனியிலிருந்து வந்த ரைஃபிளை நேராக அடுப்படி சூட்டுக்குள் கொண்டுவந்தால் எல்லா உலோகமும் வேர்க்கும், சேம்பரும்தான். இரவு தாழ்வாரத்திலோ பூட்டிய வண்டி ஷெட்டிலோ, தோட்டா இல்லாமல், குளிரிலேயே விட்டுவைக்கலாம். வீட்டுக்குள் கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் உறையைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, ஒரு மணி நேரம் கழித்து மேலே சொன்ன நான்காவது ஐந்தாவது படிகளைச் செய்யுங்கள். பருவம் முடிந்து பாதுகாப்புப் பெட்டியில் பூட்டிய பிறகும், முதல் மாதக் கடைசியில் ஒருமுறை திறந்து சேம்பருக்குள் விளக்கடித்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அன்றே துடைத்தால் போய்விடும்.